கடகடவென்று படித்த அபிநயா

பள்ளிக்கூட மணி அடித்துச் சற்று நேரத்தில் என் வீட்டுக் கொல்லைச் சுவரைத் தாண்டி அந்தச் சத்தம் வரும். ஒரு குரல் முன்னால் போகும், முப்பது குரல்கள் அதன் பின்னால் ஓடும். வரி முடிகிற இடத்தில் எல்லாமாகச் சேர்ந்து ஒரு முறை மேலே ஏறும், பிறகு இறங்கும். தகரக் கொட்டகையில் மழை பிடித்துக்கொண்ட மாதிரி ஒரே தாளம். திருத்துறைப்பூண்டியில் இந்தத் தெருவுக்குக் குடிவந்த நாளிலிருந்து காபியும் அந்தச் சத்தமும் சேர்ந்துதான் எனக்குள் இறங்குகின்றன. இரண்டில் எது கசக்கிறது என்று சில நாள் தெரிவதில்லை.

"என்ன அழகாப் படிக்குதுங்க" என்பாள் என் மனைவி.

"படிக்கல. பாடுதுங்க."

"காலங்காத்தால ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று தம்ளரைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

நான் தொடக்கப்பள்ளி ஆசிரியனாக இருந்தவன். வயது மிச்சமிருக்கும்போதே விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவன். சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டாம் வகுப்பு எடுக்கும் பிரியா என்ற இளம் ஆசிரியை போன வாரம் வீட்டுக்கு வந்தாள். கையில் செல்போன்.

"சார், இப்ப இதுலயே வார்த்தை வந்துடுது. வந்து நிக்குது, மறைஞ்சிடுது. புள்ளைங்க பாத்ததும் சொல்லணும். எம்புள்ளைங்க எல்லாம் டக்குடக்குனு சொல்லிடுதுங்க. புஸ்தகத்தத் தொறந்து குடுத்தா முழிக்குதுங்க. என்ன சார் தப்பு பண்றேன்?"

"வார்த்தைங்க தெனமும் ஒரே வரிசையிலயா வருது?"

யோசித்தாள். "ஆமா சார்."

"அப்ப அதுங்க வரிசையத்தான் படிக்குதுங்க."

அவள் முகத்தில் ஒரு விளக்கு எரிந்தது. "இதெல்லாம் எழுதிக் குடுங்க சார், எங்க குரூப்புல போடுறேன்" என்றாள். எழுதுகிறேன். ஆனால் அவள் கேட்டபடி வழிமுறையை மட்டும் எழுத எனக்கு வராது. வழிமுறையைச் சரியாகச் செய்ததற்கு என்ன கிடைத்தது என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

பயிற்சிப் பள்ளி இரண்டு வருடம். அட்டை வெட்டினோம், ஒட்டினோம், வர்ணம் அடித்தோம். யானை, மயில், மாம்பழம். என் மயிலுக்குப் பரிசுகூடக் கிடைத்தது. அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது.

முதல் வேலை திருவாரூருக்குத் தெற்கே, வாய்க்கால் கரையை ஒட்டிய ஓர் ஈராசிரியர் பள்ளியில். தலைமையாசிரியை லூர்து மேரி டீச்சர். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட பருத்திச் சேலை, குரல் எப்போதும் தாழ்ந்தே இருக்கும். பிள்ளைகளை 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். கத்துகிற ஆசிரியரைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்வார், பல்வலி வந்தவர் மாதிரி. என்னைத் 'தம்பி' என்பார். கோபம் வந்தால் மட்டும் 'சார்' ஆகிவிடுவேன்.

என் மயில் அட்டையையும் யானை அட்டையையும் அவர் வாங்கிப் பார்த்தார். "நல்லா வரைஞ்சிருக்கீங்க தம்பி" என்றார். பிறகு அவற்றை அலமாரியின் மேல்தட்டில், யாருக்கும் எட்டாத இடத்தில் வைத்தார்.

"படம் இருந்தா படத்தப் படிக்கும். படமே வரைய முடியாத வார்த்தையக் கொண்டாங்க."

"எது டீச்சர்?"

"'என்று' வரைங்க பாப்போம். 'பிறகு' வரைங்க. 'ஆனால்' எந்தக் கலர்ல இருக்கும்?"

நான் அலமாரியின் மேல்தட்டைப் பார்த்தேன்.

"யானையத் தெரியாத புள்ள இல்ல தம்பி. 'ஆனால்' தெரியாத புள்ளைதான் அஞ்சாங் கிளாஸ்ல வந்து நிக்குது. ஒரு பக்கத்துல யானை ஒரு தடவை வரும். இந்தச் சில்லறை வார்த்தைங்க எத்தனை தடவை வருது? ஒவ்வொரு தடவையும் அதுகிட்ட நின்னு எழுத்துக் கூட்டிக்கிட்டிருந்தா, யானைகிட்ட எப்பப் போய்ச் சேர்றது?"

அன்றிலிருந்து நான் படமில்லாத அட்டைகள் எழுதினேன். வெள்ளை அட்டை, கறுப்பு மை, ஒரு வார்த்தை. ஒரு தடவைக்கு நாலைந்து வார்த்தைக்கு மேல் கூடாது. கண் சிமிட்டுகிற நேரம் காட்டி மடக்கிவிட வேண்டும். பிள்ளை யோசித்துச் சொன்னால் சரியான பதிலும் தவறுதான். அந்த அட்டை மறுபடி கட்டுக்குள் போகும். அம்மாவின் முகத்தைப் பார்த்து யாராவது யோசிக்கிறார்களா? அந்த மாதிரி அடையாளம் தெரிய வேண்டும் என்பார் டீச்சர்.

கொஞ்ச நாளில் என் வகுப்பு பறந்தது. அட்டையை எடுப்பதற்குள் பதில். எனக்குத் தலைகால் புரியவில்லை. டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கதவோரம் நின்று பார்த்தார். பிறகு தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

"வாயக் கட்டிக்குங்க."

"டீச்சர்?"

"கட்டிக்கிட்டு அதே அட்டையக் காட்டுங்க சார்."

சார் ஆகிவிட்டேன் என்பதால் பேசாமல் கட்டிக்கொண்டேன். அதே அட்டைகள். பாதி வகுப்பு ஊமையாகிவிட்டது. டீச்சரின் முகத்தில் அபூர்வமாக ஒரு சிரிப்பு வந்தது.

"உங்க மீசை நல்லாப் படிக்குது தம்பி. வார்த்தை வர்றதுக்கு முன்னாடியே அது ஆடுது. புள்ளைங்க மீசையப் பாத்துச் சொல்லுதுங்க."

பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. நானும் கைக்குட்டைக்குள் சிரித்தேன். அதற்குப் பிறகு அட்டையை முகத்துக்கு முன்னால் பிடிக்கப் பழகினேன். மூலையில் கறை பட்ட அட்டையைக் கிழித்துப் போட்டேன், ஏனென்றால் கறையைப் படிப்பார்கள். வாரம் ஒரு முறை வேறு யாரையாவது எழுதச் சொன்னேன், ஏனென்றால் என் கையெழுத்தைப் படிப்பார்கள். வரிசையைக் குலைத்தேன். பிறகு அந்த வார்த்தைகளையே புதிய வாக்கியத்தில் போட்டுக் கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். எழுத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் படிப்பார்கள். ஒவ்வொரு குறுக்கு வழியாக அடைத்துக்கொண்டே போனால், கடைசியில் வேறு வழியில்லாமல் எழுத்திடம் வருவார்கள். வந்ததும் ஒரு நாள் அது நடக்கும். பிள்ளை அந்த வார்த்தையைப் பார்க்கும், பார்த்த பிறகு அதைப் படிக்காமல் இருக்கப் பிள்ளையால் முடியாது. அதுதான் முடிவு. அந்த இடத்தைத் தொட்ட பிள்ளையிடம் அப்புறம் அந்த வார்த்தைக்காகப் பாடுபட வேண்டியதில்லை.

"இது வெளிய தெரியாத வேலை தம்பி" என்று டீச்சர் ஒரு முறை சொன்னார். "இதுக்கு யாரும் கை தட்ட மாட்டாங்க." அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு பல பள்ளிகள் மாறினேன். அவர் சொன்னது பொய்யாகிற இடம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

கடைசியாகப் போய்ச் சேர்ந்த பள்ளியின் தலைமையாசிரியர் குணசேகரன் சார். நல்ல மனிதர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஓடுகிற மின்விசிறியும் ஒழுகாத கழிப்பறையும் அந்தப் பள்ளிக்கு அவர் அலைந்து கொண்டுவந்தவை. ஆனால் அவருக்கு ஒரு பயம் இருந்தது. காலையில் ஊருக்குள் மஞ்சள் வேன்கள் வரும். தனியார் பள்ளி வேன்கள். ஒவ்வொரு ஜூன் மாதமும் எங்கள் வகுப்புகளிலிருந்து நாலு பிள்ளைகள் டை கட்டிக்கொண்டு அதில் ஏறிவிடுவார்கள். குணசேகரன் சார் வாசலில் நின்று பார்ப்பார்.

"புள்ள கொறஞ்சா பூட்டிடுவாங்க சார்" என்பார். "ஊருக்கு நம்ம பள்ளிக்கூடத்துச் சத்தம் கேக்கணும். படிக்கிற சத்தம் கேட்டாதான் பெத்தவன் நம்புவான்."

அந்தச் சத்தத்துக்குத் தலைவி அபிநயா. நாலாம் வகுப்பு. எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய இரட்டைச் சடை, கணீரென்ற குரல். அப்பா அறுவடை மெஷின் ஓட்டுபவர். எந்த மாவட்டத்தில் கதிர் முற்றுகிறதோ அங்கே இருப்பார். அம்மா சுமதி நடவுக்குப் போவாள், அறுப்புக் காலத்தில் நெல் காய வைப்பாள், கொஞ்சம் குத்தகை நிலமும் உண்டு. அபிநயா எழுந்து நின்று புத்தகத்தை ஏந்திக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தால் மொத்தப் பள்ளியும் பின்னால் ஓடும். எந்த அதிகாரி வந்தாலும் குணசேகரன் சார் முதலில் அவளைத்தான் எழுப்புவார். அவளும் கடகடவென்று வாசிப்பாள், விரல் வரியின் கீழே ஓடும். ஊரில் சுமதிக்கு அதில் ஒரு மரியாதை. நடவு வயலில் மற்ற பெண்கள், "கலெக்டரம்மாவப் பெத்தவளே, நாத்த இந்தப் பக்கம் வீசுடி" என்று கேலி செய்வார்களாம். கேலிதான், ஆனாலும் சுமதி அதைச் சொல்லும்போது முகம் மலரும்.

நான் அந்த வகுப்புக்குப் போன புதிதில் ஒரு நாள் அபிநயா வாசித்துக்கொண்டிருந்தாள். குணசேகரன் சார் வாங்கிப் போட்ட விசிறி வேகமாகச் சுற்றியது. காற்றில் அவள் கையிலிருந்த புத்தகத்தின் பக்கம் புரண்டது. ஒன்றல்ல, நாலைந்து பக்கங்கள். அவள் குரல் நிற்கவில்லை. குளத்தங்கரையில் கொக்கு நிற்கும் பாடத்தை அவள் வாய் சொல்லிக்கொண்டே போனது. விரல், தபால் நிலையப் படத்தின் கீழே ஓடியது.

நான் பாடம் முடியும் வரை பார்த்தேன். ஓர் எழுத்துகூடத் தவறவில்லை. விரல் தபால் பெட்டியைத் தாண்டிப் பக்கத்தின் வெளிவிளிம்புக்குப் போய்விட்டது.

வகுப்பு முடிந்ததும் அவளை மட்டும் நிறுத்தினேன். பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு வாக்கியத்தை எழுதிக் கொடுத்தேன். மிகச் சின்ன வாக்கியம். பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள்.

"இது எந்தப் பாடம் சார்?"

அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு நான் அவளிடம் மேற்கொண்டு எதையும் சோதிக்கவில்லை. எழுத்துகள் அவளுக்குத் தெரியும், ஒவ்வொன்றாக. ஆனால் அவற்றைச் சேர்த்து வார்த்தை பிடிக்க அவளுக்கு ஒரு யுகம் ஆகும். வாக்கியத்தின் கடைசிக்கு வரும்போது ஆரம்பம் மறந்திருக்கும். அவளுக்கு அது தேவைப்பட்டதே இல்லை. காது அவ்வளவு கூர்மை. ஒரு முறை கேட்டால் போதும், பாடம் தொண்டைக்குள் போய் உட்கார்ந்துவிடும். நாலு வருடமாக எல்லோரும் அந்தத் தொண்டையைக் கைதட்டிக் கொண்டாடியிருக்கிறார்கள்.

ஐந்தாம் வகுப்பு முடிந்தால் அவள் பெரிய பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே யாரும் படிக்கக் கற்றுத் தருவதில்லை, படிக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு மேலே போவார்கள். அறிவியல், வரலாறு, இத்தனை கனமான புத்தகம். எந்தத் தொண்டையும் அதைத் தாங்காது. அதற்குள் அவளைக் கண்ணால் படிக்கிற பிள்ளையாக ஆக்க வேண்டும். எனக்கு மிச்சமிருந்தது அந்த நாலாம் வகுப்பும் அடுத்த ஐந்தாம் வகுப்பும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளைக் கூப்பிட்டு அட்டைகளை எடுத்தேன். அவளுக்கு அவமானமாகப் போய்விட்டது.

"இது ரெண்டாங் கிளாஸ் புள்ளைங்க அட்டை சார்."

"ஆமா."

"நான் லீடரு சார்."

"தெரியும். லீடரு, இது என்ன?" என்று காட்டி மடக்கினேன்.

"என்றான்!"

"இல்ல."

"என்றாள்!"

"இல்ல."

"நீங்க மூஞ்சிய ஏன் சார் மறைச்சிக்கிறீங்க?"

"என் மீசைக்குப் படிக்கத் தெரியும். அது உனக்குச் சொல்லிக் குடுத்துடும்."

சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில்தான் வேலை ஆரம்பமானது. 'என்று', 'இங்கே', 'பிறகு', 'ஆனால்'. நாள்கணக்கில் அந்த வார்த்தைகளே. சில நாள் அழுவாள். சில நாள் அட்டையைப் பிடுங்கித் தானே வைத்துக்கொண்டு எனக்குக் காட்டுவாள், நான் வேண்டுமென்றே தப்பாகச் சொல்ல வேண்டும், "சாருக்கு ஒண்ணுமே தெரியல" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

தை மாதம். அறுப்பு முடிந்து சாலை முழுக்க நெல் விரித்திருந்தது. பள்ளி விட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன், அபிநயா கூடவே வந்தாள். மதகுச் சுவரில் நெல் கொள்முதல் நிலையத்துக்காரர்கள் சுண்ணாம்பில் ஏதோ எழுதிவைத்திருந்தார்கள். எழுதிய இடத்துக்கு நேர் கீழேதான் ஆளுயரத்துக்கு நெல் குவித்திருந்தது. வைக்கோல் தூசியும் புழுக்கமும். அவள் எதையோ பேசிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள்.

"சார், 'இங்கே' சார்."

"என்னது?"

"அந்தா, செவத்துல. 'இங்கே'னு போட்டிருக்கு." பிறகு கொஞ்சம் மிரட்சியோடு சொன்னாள்: "நான் படிக்கவே இல்ல சார். அதுவா வந்துடுச்சி."

மீதியையும் அவளே எழுத்துக் கூட்டிப் பிடித்தாள், வெகுநேரம் எடுத்துக்கொண்டு. இங்கே நெல் கொட்டக் கூடாது. கீழே குவிந்திருந்த நெல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எழுத்து சொன்ன விஷயத்துக்காக அவள் சிரித்தது அதுதான் முதல் முறை. நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாய்க்காலைப் பார்த்துத் திரும்பி நின்றேன். ஐம்பது வயதுக்காரன் சாலையில் நின்று கண்ணைத் துடைத்தால் தூசி என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

அதற்குப் பிறகுதான் கேடு தொடங்கியது. கேடு என்றால் ஊருக்குக் கேடாகத் தெரிந்தது.

அபிநயாவின் கண் விழித்துக்கொண்டது. விழித்த கண் தொண்டையை ஓட விடாது. வகுப்பில் எழுந்து நின்று முன்பு போல ஆரம்பிப்பாள். வாய் மூன்றாவது வரியில் இருக்கும்போது கண் முதல் வரியில் ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்திருக்கும். நிற்பாள். திரும்பிப் போய்ப் பார்ப்பாள். பின்னால் ஓடிவந்த முப்பது குரல்களும் முட்டிக்கொண்டு நிற்கும். தாளம் உடைந்தது. யாரோ ஒரு பையன், "லீடருக்குத் திக்குவாய் வந்துடுச்சி" என்றான்.

குணசேகரன் சார் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

"என்ன சார் பண்ணீங்க அந்தப் புள்ளைய? ஏரோப்ளேன் மாதிரி போய்க்கிட்டிருந்தது. இப்பத் தள்ளுவண்டி மாதிரி நிக்குது."

"அப்ப அது படிக்கல சார். இப்பதான் படிக்குது." விசிறியையும் புரண்ட பக்கத்தையும் சொன்னேன்.

கவனமாகக் கேட்டுக்கொண்டார். மறுக்கவில்லை. அதுதான் என்னை இன்றுவரை அறுக்கிறது. "சரி சார், நீங்க சொல்றது நெசம்னே வச்சிக்குங்க" என்றார். "வாசிப்பு பாக்க வர்ற ஆபீசருக்கு இது தெரியுமா? ஊருக்குத் தெரியுமா? ஆபீசர் வந்துட்டுப் போறவரைக்கும் பழைய மாதிரியே படிக்கச் சொல்லுங்க. அப்பறம் நீங்க கண்ணால படிக்க வைங்க, மூக்கால படிக்க வைங்க."

"கண்ணத் தொறந்த புள்ளைய மறுபடி மூடிக்கன்னு எப்படி சார் சொல்றது?"

"இந்தப் பேச்செல்லாம் கதை எழுதறவங்களுக்கு சார். நான் பள்ளிக்கூடம் நடத்துறேன்."

அதிகாரி வந்தார். இளைஞர், மரியாதையானவர், கையில் செல்போன். ஒவ்வொரு பிள்ளையாக வாசிக்கச் சொல்லி அதில் குறித்துக்கொள்ள வேண்டும், அன்றைக்கே இன்னும் சில பள்ளிகளுக்கும் போக வேண்டும். அபிநயா எழுந்தாள். அவளுக்குக் குணசேகரன் சார் காலையிலேயே தனியாகச் சொல்லியிருந்தார் என்பது அவள் நிற்கும் விதத்தில் தெரிந்தது. ஆரம்பித்தாள், பழைய வேகத்தில். இரண்டு வரி பறந்தது. குணசேகரன் சார் முகத்தில் வெளிச்சம். பிறகு எனக்குத் தெரிந்தது, அவள் கண் தாளில் இறங்கிவிட்டது. ஒரு வார்த்தை அவளைப் பிடித்து நிறுத்திவிட்டது. தொண்டையில் இருந்த பாடம் ஒரு பக்கம் இழுக்க, தாளில் இருந்த வார்த்தை ஒரு பக்கம் இழுக்க, அவள் நடுவில் நின்றாள். நெற்றியில் வேர்வை. விரல் சரியாக அந்த வார்த்தையின் கீழே இருந்தது, ஒரு நூல் விலகாமல்.

"ஆனால்" என்றாள், தெளிவாக. கண்டுபிடித்த சந்தோஷத்தோடு என்னைப் பார்த்தாள். பிறகு அடுத்த வார்த்தைக்குப் போய் எழுத்துக் கூட்டத் தொடங்கினாள்.

"பரவால்லம்மா, உக்காரு" என்றார் அதிகாரி அன்பாக. செல்போனில் எதையோ தொட்டார்.

அடுத்து ஒரு பையன். பாடத்தை ஒரே மூச்சில் கொட்டினான். பார்வை முழுக்க ஜன்னலில். "வெரி குட்" என்றார் அதிகாரி.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "சார், அவனை நடு வரியிலேர்ந்து படிக்கச் சொல்லுங்க. அந்தப் பொண்ணுகிட்ட பாடத்துல இல்லாத ஒரு வரியக் குடுங்க. ஒரே ஒரு நிமிஷம்."

அவர் புன்னகைத்தார். "நல்லாத்தானே படிக்கிறான், விடுங்க சார். நேரமாச்சு."

அதிகாரியின் ஜீப் போனதும் குணசேகரன் சார் தன் அறைக்குள் போய்விட்டார். மறுநாள் கூட்டு வாசிப்புக்கு அந்தப் பையன் தலைவன் ஆனான். அபிநயா கடைசி வரிசைக்குப் போனாள். சுமதியை வரவழைத்து, பிள்ளை படிப்பில் பின்தங்கிவிட்டது என்று சொன்னார்கள். நடவு வயலில் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கலெக்டரம்மா என்ற கேலி நின்றிருக்கும். கேலி நிற்பதைப் போல ஒரு தண்டனை இல்லை.

நான் மதிய வேளைகளை விடவில்லை. ஆனால் அபிநயாவின் வாய் மூடிக்கொண்டது. அட்டையைக் காட்டினால் உதடு அசையும், சத்தம் வராது. வாக்கியத்தைக் கொடுத்தால் கண் ஓடும். கேட்டால் தலையை ஆட்டுவாள். எனக்குப் பயமாக இல்லை. உள்ளுக்குள் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது. இன்னும் ஒரு வருடம் போதும் என்று நினைத்தேன். கோடை விடுமுறை முழுக்க அதையே நினைத்தேன்.

பள்ளி திறந்த அன்று காலை சுமதி வந்தாள். கையில் விண்ணப்பம். டி.சி. வேண்டும். அபிநயா பின்னால் நின்றாள், புதுச் சீருடையில் இல்லை, வீட்டுப் பாவாடையில். தலைமையாசிரியர் அறையில் குணசேகரன் சார் தலையைக் குனிந்துகொண்டு எழுதத் தொடங்கினார். அவருக்கும் ஒரு பிள்ளை குறைகிறது. அந்த வருத்தம் அவர் பேனா பிடித்த பிடியில் இருந்தது.

"யம்மா, வேணாம்மா" என்றேன். "இப்பதான் அவளுக்குப் படிக்க வந்திருக்கு. இந்த ஒரு வருஷம் விடுங்க."

"வேன்காரங்க பேசிட்டுப் போயிட்டாங்க சார். மூணு மாசத்துல பழையபடி கடகடன்னு படிக்க வச்சிடுவோம்னு சொல்லிருக்காங்க."

"அது படிப்பில்லம்மா."

"அப்ப எது சார் படிப்பு? காதுல விழ வேணாமா?" அவள் குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. "நாலு பேரு முன்னாடி எம்புள்ள நின்னு படிச்சுது. எங்க பரம்பரையில யாரும் அப்பிடி நின்னதில்ல. அதுவும் போச்சு."

பதில் சொல்ல வாய் எடுத்தேன். அப்போது என் கண் அபிநயாவிடம் போனது. அவள் கதவுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே குணசேகரன் சார் அன்று காலை கையால் எழுதி ஒட்டிய ஒரு தாள். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் குளவி கூடு கட்டியிருக்கிறது, யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று. பசைகூடக் காயவில்லை. இன்னும் மணி அடிக்கவில்லை, அதை யாரும் யாருக்கும் வாசித்துக் காட்டியிருக்கவில்லை. அவள் கண் வரியின் தொடக்கத்திலிருந்து கடைசி வரை போனது, கீழே இறங்கியது, மறுபடி போனது. உதடு அசையவில்லை. முடித்ததும் மெல்லக் கழுத்தை நீட்டி, ஜன்னல் வழியாகச் சத்துணவுக் கூடத்தின் கூரையில் எதையோ தேடினாள்.

"பாருங்கம்மா" என்றேன். "அங்க பாருங்க. படிச்சிட்டிருக்கா."

சுமதி திரும்பிப் பார்த்தாள். "எங்க சார்? செவத்தப் பாத்துக்கிட்டு சும்மா நிக்கிறா."

"அபி, அந்தத் தாள்ல என்ன போட்டிருக்கு? அம்மாவுக்குச் சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மேசைக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் கேடு வரும் என்று அவளுக்கு நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து கற்றுக்கொடுத்திருந்தோம். அது அவளுக்கு நன்றாக மனதில் பதிந்திருந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லும்மா. ஒரே ஒரு வார்த்தை."

குணசேகரன் சார் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, தாளை நீட்டினார். சுமதி அதை வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகினாள். மகளின் தோளில் கை வைத்து வெளியே திருப்பினாள். வாசற்படி வரை போனவள் நின்று, என் மனம் நோகக் கூடாது என்பது போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்க சார். உங்ககிட்ட வர்ற வரைக்கும் நல்லாப் படிச்ச புள்ள சார் இது."